மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எப்படி வந்தது?

கேள்வி, 2025 மார்ச் 12

அண்ணா, நீங்கள் மொரிஷியஸில் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒரு செய்தி வந்தது. தமிழை ஆட்சி மொழியாகக் கொண்ட ஆப்பிரிக்க நாடாம், நம் முன்னோர் ஆண்ட மண்ணாம், ரூபாய் நோட்டிலும் தமிழாம். நோட்டின் படமும் இருந்தது. இதெல்லாம் உண்மையா? உண்மை என்றால் நம் பாடப் புத்தகத்தில் ஏன் ஒரு வரிகூட இல்லை?

மார்ச் 12, இரவு

நோட்டு உண்மை. மற்ற இரண்டும் தப்பு.

அந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் நாட்டுக்கென்று ஓர் ஆட்சி மொழியே சொல்லப்படவில்லை. நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம். இவ்வளவுதான் சட்டம். பத்திரிகை பெரும்பாலும் பிரெஞ்சில் வரும். சந்தை, பஸ், வீடு, சண்டை, காதல் எல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து உருவான ஊர் மொழி. தமிழர்கள் அந்தத் தீவை ஒரு நாளும் ஆண்டதில்லை. முதலில் டச்சுக்காரர்கள் (1638 முதல் 1710 வரை, நடுவில் ஒருமுறை விட்டுப் போய்த் திரும்பி வந்தார்கள்), பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1810-இலிருந்து பிரிட்டிஷார். 1968 மார்ச் 12-இல் சுதந்திரம். நீங்கள் கேள்வி கேட்ட இன்று அவர்களின் தேசிய நாள். தெரிந்து கேட்டீர்களோ தெரியாமல் கேட்டீர்களோ, நல்ல நாள். காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கிய தேதி என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நோட்டுக்கு வருகிறேன். மொரிஷியஸ் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் தொகை எழுதியிருக்கும். தமிழ் எண்களும் உண்டு. 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்து 1958-இல் காலமானவர். நானும் முதல் சம்பளத்தை எண்ணும்போது அந்த எழுத்தைப் பார்த்துச் சிலிர்த்துப் போனேன், மறுக்கவில்லை.

மார்ச் 13

காலையில் இன்னொன்று ஞாபகம் வந்தது. தமிழ் எழுத்தைப் பார்க்கிறோம், "ரூபாய்" என்ற சொல்லை விட்டுவிடுகிறோம். பிரிட்டிஷ் காலனி பவுனில் அல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்? ஏன் ரூபாய்? கரும்பு வெட்டியவர்கள் இந்தியர்கள், அவர்கள் சாப்பிட்ட அரிசி இந்தியாவிலிருந்து வந்தது, கையில் புழங்கிய காசு இந்திய வெள்ளி ரூபாய். அரசாங்கம் கடைசியில் மக்கள் பையில் இருந்ததையே சட்டப்படி நாணயமாக்கியது. 1877-இலிருந்து மொரிஷியஸ் ரூபாய்.

மார்ச் 16

தம்பி, "அப்படியென்றால் எப்படிப் போனார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

நான் திருப்பூரில் டையிங் மாஸ்டர். 2015 ஆகஸ்டில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அங்கே ஒரு பின்னலாடை ஆலைக்குப் போனேன். விமான நிலையத்திலிருந்து வேனில் விடுதிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஆகஸ்ட் குளிர்காலம், கரும்பு அறுவடை. ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டிய காடு, நடுநடுவே ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் குவியல்கள். கோட்டை மாதிரி அடுக்கியிருக்கும். எரிமலைக் கல். அவ்வளவையும் மனிதர்கள் கையால் பொறுக்கி அடுக்கிய பிறகுதான் அங்கே கரும்பு நட முடிந்திருக்கிறது. விடுதியில் சாப்பாடு போட்டார்கள், கட்டில் காட்டினார்கள், அப்புறம் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பத்திரமாக இருக்கும்" என்றார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. எங்களோடு பங்களாதேஷ் பையன்கள் நிறைய. அவர்களுக்கும் அப்படித்தான்.

நாலைந்து மாதம் கழித்து, ஷிஃப்ட் முடிந்த ஒரு காலையில், போர்ட் லூயி துறைமுகத்தில் இருக்கும் அப்ரவாசி காட்டுக்குப் போனேன். "காட்" என்பது படித்துறை. இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய இடம், 1849-இல் கட்டியது, இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 16 கல் படிகள். படிகளுக்கு மேலே சின்னச் சின்ன அறைகள், சமையல் கொட்டகை, கழிவறை, எழுத்தர் அறை. அந்த எழுத்தர் அறைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏறி வந்த ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் எண் கொடுப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், உடம்பில் தழும்பு, ஊர், ஜில்லா, கப்பல், எந்த எஸ்டேட் என்று எல்லாம் பேரேட்டில் ஏறும். பெயர் தப்பாக ஏறினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். எண் தப்பக் கூடாது.

1834 நவம்பர் 2-இல் அட்லாஸ் என்ற கப்பலில் வந்த 36 பேரோடு தொடங்கிய கணக்கு, முடியும்போது சுமார் நாலரை லட்சம். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த பீகார்க்காரர்கள். சென்னை வழியாக வந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதில் தமிழரும் தெலுங்கரும் அடக்கம். ஆணுக்கு மாதம் 5 ரூபாய் சம்பளம், அரிசி, பருப்பு, உப்பு, துணி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் போகும். "இரட்டை வெட்டு" என்று அதற்குப் பெயர். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவரையும் விடவில்லை. 1867-இல் ஒரு சட்டம் போட்டார்கள். போட்டோ ஒட்டிய சீட்டு இல்லாமல் வெளியில் நடமாடினால் நாடோடி என்று பிடித்து உள்ளே போடலாம். அந்தப் போட்டோவுக்கும் கூலியே காசு கட்ட வேண்டும்.

அங்கே சுவரில் அந்தச் சீட்டு ஒன்றின் படத்தைப் பார்த்தபோது என் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. விடுதிக்குப் போனதும் கேட்டேன். மூன்று முறை கேட்ட பிறகு கொடுத்தார்கள். பங்களாதேஷ் பையன்கள் கேட்கவில்லை. அவர்களுக்காகவும் சேர்த்து நான் கேட்டிருக்க வேண்டும். இது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

1871-இல் இந்தச் சீட்டுக் கொடுமையை எதிர்த்து ஒரு மனு போனது. 9,401 பேர் சேர்ந்து கொடுத்த மனு. எழுதியவர் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர், எஸ்டேட் நடத்தியவர். கூட இருந்து உதவியவர் ராஜரத்தினம் முதலியார். முதலாளிகள் கூட்டம் போட்டு டி பிளெவிட்ஸை நாடு கடத்தச் சொன்னது, போர்ட் லூயித் தெருவில் வைத்து ஒருவன் அவரை அடிக்கவும் செய்தான். ஆனாலும் 1872-இல் அரச விசாரணைக் குழு வந்தது. மனுவில் இருந்த புகார்கள் பெரும்பாலும் சரி என்று அதன் அறிக்கை காட்டியது. வாட்ஸ்அப்பில் பெருமையாகப் போட ஏதாவது வேண்டுமென்றால் இந்த மனுவைப் போடுங்கள் தம்பி.

மார்ச் 17

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லோரும் கூலிகளாகவே போனது போலப் படிப்பவருக்குத் தோன்றும். அப்படி இல்லை. அதற்கு நூறு வருஷம் முன்பே தமிழர்கள் அங்கே இருந்தார்கள். 1735-இல் கவர்னராக வந்த மாஹே தெ லபூர்தொனே போர்ட் லூயியைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர், கொல்லர்களை வரவழைத்தார். ஊரின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர். கைவினைஞர்கள், பிறகு வியாபாரிகள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து அடிமைகளாகவும் ஆட்களைக் கொண்டு போனார்கள். கரும்புக்கூலி மூன்றாவதாக வந்தவர்.

ரூபாய் நோட்டில் தமிழுக்கு இந்திக்கு முந்தைய இடம் கிடைத்த காரணமும் இதுதான். நாங்கள் முதலில் வந்தவர்கள் என்பது அங்குள்ள தமிழர்களின் வாதம்.

1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் போய்விட்டது. தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பழைய வரிசையில் புதிதாக அடித்தது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆலையில் துணி ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஓர் அக்கா. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. போராட்டத்தில் நின்றவர். சொல்லும்போது கண் பளபளத்தது.

மார்ச் 22

"பிறகென்ன அண்ணா, வெற்றிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், வெற்றிதான். ஆனால் அந்த நோட்டை இன்னொரு தரம் பாருங்கள். ஆங்கிலம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, இந்தி இருக்கிறது. நாடு முழுக்கப் பேசும் கிரியோல் எங்கே?

அந்த மொழியை உண்டாக்கியவர்கள் அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், மேற்கு ஆப்பிரிக்கா, இந்தியா என்று எங்கெங்கிருந்தோ பிடித்து வரப்பட்டவர்கள், எஜமானின் பிரெஞ்சை எடுத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துகொண்ட மொழி. 1835 பிப்ரவரி 1-இல் அடிமை முறை ஒழிந்தது என்று சட்டம் சொன்னது. பிரிட்டிஷ் அரசு நஷ்ட ஈடாக 20 லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்தது. 60,000-க்கு மேற்பட்ட அடிமைகளில் ஒருவருக்கும் அதில் ஒரு காசு போகவில்லை. முழுக்க முதலாளிகளுக்கு. சொத்து போனதற்கு ஈடு. அதோடு விடவும் இல்லை, "பயிற்சிக் காலம்" என்று பெயர் வைத்து அதே எஜமானிடம் 1839 வரை வேலை வாங்கினார்கள். அந்தக் காலம் முடிந்ததும் பெரும்பாலோர் எஸ்டேட்டைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள். கடற்கரையில் மீன் பிடித்தார்கள், மலையடிவாரத்தில் தோட்டம் போட்டார்கள். அவர்கள் விட்டுப் போன வேலைக்குத்தான் நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். அங்கே கூலியை உயர்த்திக் கேட்க அவர்களுக்கு வாய்ப்பு வந்த நேரத்தில் நாம் குறைந்த கூலிக்குப் போய் இறங்கினோம். வேண்டுமென்று செய்ததில்லை, பஞ்சத்தில் போனவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் நடந்தது அதுதான்.

தென்மேற்கு முனையில் லெ மோர்ன் என்று செங்குத்தான ஒரு மலை. தப்பியோடிய அடிமைகள் அதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்ல மேலேறி வந்த போலீஸைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துக் குதித்துச் செத்தார்கள் என்று அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்வார்கள். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் வெள்ளையாக ஒரு பறவை சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உல்லாச விடுதிகள், பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிறவர்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 1, நவம்பர் 2 இரண்டுமே அங்கே அரசு விடுமுறை. ஒன்று அடிமைகளுக்கு, மற்றொன்று கூலிகளுக்கு. ஸ்டோர் அக்கா நவம்பர் 2-க்குப் படித்துறையில் மாலை வைக்கப் போவார். பிப்ரவரி 1-க்கு லெ மோர்ன் போனதுண்டா என்று ஒருநாள் கேட்டேன். "அது அவர்களுடையது" என்றார், சாதாரணமாக.

மார்ச் 23

"அவர்களுடையது" என்றால் அரசுக் கணக்கில் யார் என்று ஒரு நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. அரசியல் சட்டம் மக்களை நாலு கட்டமாகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், பிறகு மீதி எல்லோரும். அந்த மீதிக்குப் "பொது மக்கள்" என்று பெயர். அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கட்டத்தில்தான், அந்த அடிமைகளை வைத்திருந்த பிரெஞ்சு முதலாளிகளின் பேரப்பிள்ளைகளும் அதே கட்டத்தில்தான். தமிழர் எங்கே என்று அடுத்துக் கேட்பீர்கள். தனிக் கட்டம் கிடையாது, இந்துவில் சேர்த்தி. நோட்டில் தனி வரி, தேர்தல் கணக்கில் தனி வரி இல்லை.

ஏப்ரல் 5

பத்து நாளாக வேலை. நடுவில் ஒரு பதிலில் 1937-இல் பெல்வூ ஆரெல் எஸ்டேட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். அதை நீக்கிவிட்டேன். இரண்டு சம்பவங்களைக் குழப்பியிருக்கிறேன். இப்போது சரியாக எழுதுகிறேன், இதில் குழப்பம் கூடாது.

1937 ஆகஸ்ட், யூனியன் ஃபிளாக். சிறு விவசாயிகள் பயிரிட்ட ஊபா என்ற ரகக் கரும்புக்கு ஆலைகள் விலையைக் குறைத்தன. கூலிகளும் சிறு விவசாயிகளும் ஊர்வலமாக ஆலைக்குப் போனார்கள். சுட்டார்கள், 4 பேர் செத்தார்கள். அந்த எஸ்டேட்டின் முதலாளி வெள்ளைக்காரர் இல்லை, இந்திய வம்சாவளிக் குடும்பம். இதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் தொழிற்கட்சியைத் தொடங்கியவர் மொரிஸ் க்யூரே, ஒரு கிரியோல் மருத்துவர். இந்தியக் கூலிகளை எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் திரட்டிய எமானுவேல் ஆங்கெத்தீலும் கிரியோல். 1938-இல் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது அவரை ரொட்ரிக் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

1943 செப்டம்பர் 27, பெல்வூ ஆரெல். யுத்த காலம், விலைவாசி ஏறிக்கிடந்தது, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். கூலிகள் குடியிருந்த முகாமுக்குள் போலீஸ் புகுந்து சுட்டது. செத்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் அஞ்சலை, கர்ப்பிணி. அங்கே "அஞ்சலே கூப்பேன்" என்று சொல்கிறார்கள். குப்பன் என்ற பெயரை ஏதோ ஓர் எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியதில் கூப்பேன் ஆகிவிட்டது. மற்றவர்களில் கிருஷ்ணசாமி ஒருவர், முனியன் ஒருவர். பெயர்களைச் சத்தமாகப் படித்தாலே நம் ஊர்த் தெரு கண்முன் வந்துவிடும்.

அங்கே ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்துக்கு அஞ்சலையின் பெயர். நான் பஸ்ஸில் அதைக் கடந்து பல தரம் போயிருக்கிறேன், யாரென்று தெரியாமலே. ஏதோ பிரெஞ்சுப் பெயர் என்று நினைத்திருந்தேன். ஸ்டோர் அக்காதான் சொன்னார். என் அம்மாவின் அத்தை பெயரும் அஞ்சலைதான். அன்று ராத்திரி தூங்கவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் 1948 தேர்தல். அதுவரை சொத்து உள்ளவனுக்கே ஓட்டு, மொத்தம் சுமார் 12,000 பேர். புதுச் சட்டத்தில் ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று மாற்றினார்கள். தமிழும் அந்தப் பட்டியலில் இருந்தது, தெலுங்கு, உருது, குஜராத்தி, சீனம், ஏன், கிரியோலும் இருந்தது. இந்திய வம்சாவளித் தலைவர்களான பிசூன்டொயால் சகோதரர்களின் இயக்கத்தார் ஊர் ஊராகப் போய், பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்களுக்கு ராத்திரியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். வாக்காளர் எண்ணிக்கை 70,000-த்தைத் தாண்டியது. வெள்ளை முதலாளிகளின் அரசியல் பிடி விட்டது அந்தத் தேர்தலில்தான்.

தம்பி, நோட்டில் இருக்கும் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு இப்போது இதுதான் ஞாபகம் வருகிறது. அந்த எழுத்து ஒரு காலத்தில் ஓட்டுச் சீட்டு. அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து கொப்புளம் வெடித்த கையால் "மு" எழுதிப் பழகியவன், அதைக் காட்டித்தான் வரிசையில் நின்றான்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு வாழ்த்துகள். அங்கேயும் இன்று "வருஷ பிறப்பு" என்றேதான் சொல்வார்கள். யாரோ சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இன்று அரசியல் வேண்டாம்.

காவடி முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறி. "செத் காரி" என்பார்கள். பூசணி, வாழைக்காய், பலா, பருப்பு, கூடவே ரசம், அங்கே "ரசோன்". முருங்கைக் கீரைக்கு "ப்ரேத் முரூம்". கறிவேப்பிலை "கரிபுலே". பீர்க்கங்காய் "பிபங்காய்". சந்தையில் ஓர் ஆப்பிரிக்க முகத்துப் பாட்டி "பிபங்காய், பிபங்காய்" என்று கூவி விற்றதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பாட்டி விலை கேட்டு அதிர்ந்த ஒரு வாடிக்கையாளரைப் பார்த்து "அயோ!" என்றாரே பாருங்கள்! நம் "ஐயோ" தீவு முழுக்கப் பொதுச் சொத்து. எந்தக் கட்டத்தில் இருப்பவரும் அயோதான்.

கோயிலில் பாட்டுப் புத்தகம் பிரெஞ்சு எழுத்தில் இருக்கும். ஸ்டோர் அக்கா அதைப் பார்த்துத் திருப்புகழ் முழுதும் பாடுவார். சந்தம் ஓர் இடத்தில் பிசகாது. அர்த்தம் தெரியாது. கண்ணில் நீர் வழியும்.

ஏப்ரல் 27

"சுதந்திரப் போராட்டம் எப்படி நடந்தது" என்ற கேள்விக்கு இரண்டு வாரமாகப் பதில் சொல்லவில்லை. நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் புரியாது என்பதால் தள்ளிப் போட்டேன்.

1967 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் சுதந்திரம் வேண்டும் என்ற அணி ஜெயித்தது. ஆனால் நூற்றுக்குச் சுமார் 44 பேர் எதிர்த்து நின்ற கட்சிக்குப் போட்டார்கள். கிரியோல்கள், வெள்ளையர், சீனர், தமிழர்களிலும் ஒரு பகுதியினர். பெரும்பான்மை இந்துக்களின் ஆட்சியில் நாம் என்ன ஆவோம் என்ற பயம். 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம். பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கியது. கொடி ஏற்ற வர வேண்டிய இளவரசி வரவில்லை. மார்ச் 12 அன்று குதிரைப் பந்தய மைதானத்தில் கொடி ஏறியது, ஊரில் பாதி வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வசதியுள்ள கிரியோல் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின.

அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்ததுதான் நான் முன்பு சொன்ன நாலு கட்டம். தேர்தலில் 62 பேர் ஜெயிப்பார்கள். எந்தச் சமூகத்துக்குக் குறைவாக வந்திருக்கிறதோ அதில் தோற்றவர்களில் நன்றாக ஓட்டு வாங்கியவர்களை எடுத்து, 8 இடம் வரை கூடுதலாகக் கொடுப்பார்கள். மோசமான ஏற்பாடு என்று முதலில் நினைத்தேன். பிறகு மனம் மாறியது, ஏனென்றால் அதற்குப் பின் அந்த நாட்டில் ஆட்சி தேர்தல் மூலமாகவே மாறியிருக்கிறது, பக்கத்து நாடுகளைப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை. இப்போது மறுபடியும் யோசிக்கிறேன். எந்தச் சமூகம் எவ்வளவு என்று கடைசியாக எண்ணியது 1972-இல். அதன் பிறகு கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஆக இன்றும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்துக்கொண்டு இடம் பிரிக்கிறார்கள். நான்கில் எதிலும் சேர மாட்டேன் என்று சொன்ன வேட்பாளர்களின் மனுவை நிராகரித்தார்கள். 2012-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அது தவறு என்று சொன்னது.

இதை எழுதும்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டு வரிசைக்காகத் தமிழர்கள் தெருவில் நின்றது 1998. 1999 பிப்ரவரி 21-இல் காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் செத்துக் கிடந்தார். தீவின் நாட்டுப்புற இசையான செகாவையும் ரெகேயையும் சேர்த்துச் செகே என்ற இசையைக் கொண்டுவந்தவர். கஞ்சா குடித்தார் என்று பிடித்துப் போயிருந்தார்கள். நாலு நாள் தீவு எரிந்தது. ஒரு நோட்டு வரிசையைச் சில மாதத்தில் திருத்த முடிந்த நாட்டில், போர்ட் லூயியின் ஏழைக் கிரியோல் பகுதியான ரோஷ் புவாவில் குழாய்த் தண்ணீருக்கும் வேலைக்கும் காத்திருந்தவர்களின் குரல் ஏன் கேட்கவில்லை? தமிழர் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. ஸ்டோர் அக்கா நின்ற இடத்தில் நானும் நின்றிருப்பேன். ஆனால் 2011-இல் உண்மை மற்றும் நீதிக் குழு அடிமை முறை, கூலி முறை இரண்டையும் விசாரித்து அறிக்கை கொடுத்தபோது, அந்த அடிமைகளின் வாரிசுகள் நிலமும் வேலையும் இல்லாமல் இன்றும் அடியில் கிடப்பதை எழுதியது. கூலியாக வந்தவர்களுக்கு, 1880-களுக்குப் பிறகு சர்க்கரை விலை விழுந்தபோது முதலாளிகள் துண்டு போட்டு விற்ற நிலத்தில் கொஞ்சமாவது கிடைத்தது. அந்தத் துண்டு நிலம்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அடிமைகளின் வாரிசுகளுக்கு அது கிடைக்கவில்லை.

மே 23

சாகோஸ் தீவுகளைப் பற்றிப் பிரிட்டனும் மொரிஷியஸும் போட்ட ஒப்பந்தம் நேற்றுக் கையெழுத்தாகிவிட்டது. காலையில் லண்டன் நீதிமன்றம் தடை போட்டது, மதியத்துக்குள் நீக்கியது, கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தப்படி தீவுகள் மொரிஷியஸுக்கு. டியேகோ கார்சியாவில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளம் 99 வருஷக் குத்தகையில் அப்படியே இருக்கும்.

இந்தக் கேள்வி-பதில் இழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1965-இல் சுதந்திரம் பேசும்போதே பிரிட்டன் அந்தத் தீவுக் கூட்டத்தைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. 30 லட்சம் பவுன் கொடுத்தார்கள். அங்கே தேங்காய்த் தோட்டத்தில் பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள், அடிமைகளின் வாரிசுகள், நடுவில் இந்தியக் கூலிகளின் வாரிசுகளும் உண்டு. அவர்களை அகற்ற வேண்டும். ஆனால் குடிமக்களை அகற்றினால் ஐ.நா.வில் கேள்வி வரும். என்ன செய்தார்கள் தெரியுமா? இவர்கள் நிரந்தரக் குடிகளே இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று எழுதிவிட்டார்கள். அப்ரவாசி காட் எழுத்தர் அறையில் இருந்த அதே சொல்! 1973-க்குள் கடைசிக் குடும்பம் வரை கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களை ஒரு கொட்டகையில் அடைத்துப் புகை வைத்துக் கொன்றார்கள்.

எங்கள் ஆலையில் துணி மடிக்கும் பிரிவில் அப்படி வந்த குடும்பத்துப் பெண் ஒருவர் இருந்தார். மற்ற கிரியோல்களே அவரை "தீவுக்காரி" என்று ஒதுக்குவார்கள். தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது "சக்ரேன்" என்ற சொல்லைச் சொல்வார். துக்கம் என்று அர்த்தம், அதிலேயே செத்தும் போவார்கள் என்பார். இந்த ஒப்பந்தப்படி மற்றத் தீவுகளில் குடியேறலாம், டியேகோ கார்சியாவில் முடியாது. அவருடைய அம்மா பிறந்தது டியேகோ கார்சியாவில்.

ஜூன் 8

டர்பனிலிருந்து எழுதும் அம்மா, தன் பாட்டனாரின் அண்ணன் மொரிஷியஸுக்குப் போனதாகவும் எப்படித் தேடுவது என்றும் கேட்டிருக்கிறார். மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. பழைய குடியேற்றப் பேரேடுகளும் கூலிகளின் போட்டோக்களும் அங்கேதான். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மலைத்துப் போவீர்கள். முத்துசாமி என்ற பெயரே எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள்! எண் வேண்டும். பழைய சீட்டு, கல்யாணப் பத்திரம், எதிலாவது எண் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் தேடுங்கள் அம்மா.

ஸ்டோர் அக்கா அப்படித்தான் தேடினார். அவர் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு தாள், அதில் ஓர் எண். மோக்காவுக்குப் போய்ப் பணம் கட்டி நகல் வாங்கி வந்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் நீட்டினார். வயது 22. இடது முழங்காலில் தழும்பு. ஜில்லா தஞ்சாவூர் என்பது புரிந்தது. ஊர்ப் பெயரை அவர் பிரெஞ்சு உச்சரிப்பில் "வுலூம்" என்றார். எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "வல்லம்" என்றேன்.

அவர் திரும்பச் சொன்னார். வல்லம். இன்னொரு தரம். பக்கத்து மேசையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்புறம் அது எப்படிப்பட்ட ஊர் என்று என்னிடம் கேட்டார். நான் கொங்கு நாட்டுக்காரன், வல்லத்துக்குப் போனதே இல்லை.

2018-இல் ஊர் திரும்பிய பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வல்லத்தில் இறங்கினேன். பஸ் நிறுத்தம், டீக்கடை, ஊர்ப் பெயர்ப் பலகை, பலகைக்குக் கீழே ஓர் ஆட்டோ. படம் எடுத்து அனுப்பினேன். எந்த எழுத்து "வ", எந்த எழுத்து "ல்ல" என்று கேட்டார். வட்டம் போட்டு அனுப்பினேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சாமி அறையில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், ஆட்டோவோடு.

அம்மா, எண் கிடைத்து நகலும் கையில் வந்தால் ஊர்ப் பெயரை மட்டும் இங்கே அப்படியே எழுதுங்கள். எந்த ஜில்லா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தென்னாற்காடு, சேலம், திருச்சி என்று எல்லா ஊர்க்காரரும் இங்கே இருக்கிறோம், யாராவது ஒருவருக்குப் படிக்க வரும்.